கோடையில் பாம்பன் தீவுக் கரையோர உயிர்களைக் காண

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதால் அவற்றில் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. அவற்றுள் ஒன்றான குருசடைத் தீவுக்குப் பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுவதுண்டு. புறப்படும் முன் அது ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ராமேசுவரம் அமைந்த பாம்பன் தீவின் கரையிலேயே பார்க்க வேண்டியவை ஏராளம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்கு வற்றும் என்பதால், அந்நாட்களில் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டறிந்து, ரப்பர் செருப்புடன் பாறைக் குட்டைகளை அணுகுங்கள். குனிந்து அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருந்தால், வெறும் சங்கு என்று நீங்கள் நினைத்தது கால் முளைத்து நகரும்; அதனுள் துறவி நண்டு குடியிருக்கிறது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்படுபவை. ஒரு துண்டுப் பவளத்தைக்கூட எடுக்காதீர்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. கோடையில் ஆலா, சிறு உப்புக்கொத்தி ஆகிய கடற்கரைப் பறவைகள் வெறும் மணற்குழியிலேயே முட்டையிடுகின்றன. மணலின் நிறத்தையும் புள்ளிகளையும் அப்படியே கொண்ட அம்முட்டைகள் மிதிபடும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. பறவைகள் தலைக்கு மேல் கத்திச் சுழன்றால், கூடு அருகில் இருப்பதாக உணர்ந்து வந்த தடத்திலேயே திரும்பி, தொலைவில் நின்று இருகண்ணோக்கியில் பாருங்கள். பெற்ற பறவை எழுந்து போனால் நண்பகல் வெயிலில் முட்டைகள் வெந்துவிடும். எனவே விடியற்காலையே உகந்தது. தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள்.

மே மாத இறுதியில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வலுத்தால், தீவின் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் கொந்தளிக்கும். அப்போது அமைதியாக இருக்கும், பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் கரைக்குச் செல்லுங்கள்.