டவுன்ரிகருக்கு எது போடலாம்: பின்னல் நூலா, ஸ்டீல் கேபிளா?

தூண்டில் இரையை வேண்டிய ஆழத்துக்கு இறக்க, படகிலிருந்து கனமான ஈயக்குண்டைத் தொங்கவிடும் உருளைக் கருவிதான் டவுன்ரிகர். அதில் புதுப் பின்னல் நூல் சுற்றிய முதல் நாளே ஈயக்குண்டு அறுந்து போனால் நூலைக் குறை சொல்லாதீர்கள், கப்பியைப் பாருங்கள். அங்கே பழைய கேபிள் அரைத்துவிட்டுப் போன பள்ளம் இருக்கும்.

வலுவை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வழக்கமான கேபிள் 150 பவுண்டு தாங்கும், டவுன்ரிகருக்கென்று விற்கும் பின்னல் நூல் 200 முதல் 250 பவுண்டு வரை தாங்கும். தொங்குவதோ 10, 12 பவுண்டு குண்டு. இரண்டுமே போதும். முடிவு செய்ய வேண்டியது உங்கள் இயந்திரத்தைப் பார்த்துத்தான்.

குண்டு நீர்மட்டத்துக்கு வந்ததும் தானாக நிற்கும் மின்சார டவுன்ரிகரா? சில வகைகள் அதைக் கேபிள் வழியாக ஓடும் மின்சாரத்தை வைத்தே உணர்கின்றன. நூல் மின்சாரம் கடத்தாது. குண்டு நிற்காமல் ஏறிவந்து கைமுனையில் (படகுக்கு வெளியே நீளும் கருவிக் கையின் முனையில்) மோதும். அப்படிப்பட்ட இயந்திரம் என்றாலும், கடலில் சால்மன் பிடிக்கக் கேபிளில் சிறு மின்னழுத்தம் கொடுப்பவர் என்றாலும் கேபிளே போடுங்கள். மற்ற எல்லாருக்கும் என் ஓட்டு பின்னல் நூலுக்கு. அது மடங்கி முறுக்கேறாது, துருப்பிடிக்காது, ஓடும்போது கேபிள் அளவுக்கு ரீங்காரம் போடாது, பிசிறிய இழை விரலில் ஏறாது.

1. கேபிளைக் கழற்றியதும் கப்பியின் பள்ளத்தில் பஞ்சை அழுத்தி ஒரு முழுச் சுற்று இழுங்கள். கைமுனையின் வளையத்திலும் அப்படியே செய்யுங்கள். பஞ்சின் ஒரே ஒரு நார் மாட்டினாலும் அங்கே நூல் அறுபடும். லேசான பிசிறு என்றால் 400 எண் உப்புத்தாள், பிறகு 600. பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் தேய்த்து நேரத்தை வீணாக்காமல் கப்பியை மாற்றிவிடுங்கள்.

2. பின்னல் நூல் வழுவழுப்பானது. வெறும் உருளையில் கட்டினால் முடிச்சு இறுகியிருந்தாலும் மொத்தச் சுற்றும் உருளைமேல் வழுக்கும். முதலில் தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நூலை) கட்டிப் பத்துச் சுற்று சுற்றி, அதன் முனையில் நூலை இணையுங்கள்.

3. சுற்றும்போது ஒருவர் நூலை மடித்த ஈரத்துணிக்குள் பிடித்து இழுவை கொடுக்க வேண்டும். கை உறை அவசியம். அவசரப்படக் கூடாத இடம் இது. தளர்வாகச் சுற்றினால் குண்டின் எடை ஏறியதும் மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்துவிடும். அடுத்த முறை இறக்கும்போது பாதியில் சிக்கி நிற்கும். 60 மீட்டர் போதும் பலருக்கு, ஆழமான ஏரி என்றால் 90.

4. முனைக்கு, முடிச்சில்லாமல் நூலைச் சுற்றிப் பூட்டும் கொக்கியே சிறந்தது. முடிச்சுத்தான் போடுவீர்கள் என்றால் நூலை இரட்டையாக்கிப் பாலோமர் முடிச்சு, நனைத்து மெதுவாக இறுக்கி, 2 செ.மீ. வால் விடுங்கள். குண்டுக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்கு 100 பவுண்டு தங்கூசி சேர்த்தால், பாறையில் மாட்டும்போது அதுதான் அறும், நூல் முழுவதும் தப்பும்.

(கேபிள் போடுபவர்கள் கவனிக்க: முனையில் வளையம் போட இரட்டைத்துளைக் குழலும் அதை நசுக்கிப் பூட்டும் கிரிம்ப் இடுக்கியும் வேண்டும். சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்கினால் இழைகள் உள்ளேயே வெட்டுப்படும். இழை பிசிறத் தொடங்கினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.)

5. பிரேக்கை, குண்டு தொங்கும்போது நிற்கவும் கையால் பலமாக இழுத்தால் வழுக்கவும் வையுங்கள். கையெட்டும் தூரத்தில் கூரான கத்தி இருக்கட்டும். கேபிளுக்குக் கத்தி பயன்படாது, கேபிள் வெட்டும் இடுக்கி வேண்டும்.

ஆழக் கணக்கு: ஆழம் காட்டும் கருவி உருளையின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. நூலின் தடிமனும் சுற்றிய அளவும் மாறினால் கணக்கும் மாறும். நூலில் 10 மீட்டரில் மையால் குறியிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் நூல் பின்னால் சாய்வது தனி. 30 மீட்டர் விட்டு 30 பாகை சாய்ந்தால் குண்டு இருப்பது 26 மீட்டரில். கேபிளானாலும் நூலானாலும் தடிமன் ஏறக்குறைய ஒன்றே, சாய்வைக் குறைக்கக் கனமான குண்டுதான் வழி.

பின்சேர்க்கை: நடுவில் இரண்டாவது தூண்டிலுக்கு மாட்டும் கிளிப், கேபிளில் நிற்பதுபோல் நூலில் நிற்காது, வழுக்கி இறங்கும். கிளிப் நிற்க வேண்டிய இடத்துக்குக் கீழே ரப்பர் வளையத்தை நூலோடு இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். உலோகப் பல் உள்ள கிளிப் நூலைக் கடித்துவிடும், ரப்பர் பட்டை வைத்ததை மட்டுமே போடுங்கள்.