மேட்டில் கிணிகிணி சத்தமா? டைமிங்கைப் பாருங்க

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது, டாப் கியரில் மிதித்தால் உங்க பழைய அம்பாசடரோ பத்மினியோ டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் போட்டால், அது பெரும்பாலும் நாக்கிங்தான். பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி சீக்கிரமே விழுகிறது. அது விழும் நேரம்தான் டைமிங்.

முதலில் சி.பி. பாயிண்ட் (டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடி தீப்பொறியை உண்டாக்கும் காண்டாக்ட்) இடைவெளியைச் சரிபண்ணுங்க. அது மாறினால் டைமிங்கும் மாறும், பின்னால் தொட்டால் பண்ணின வேலை வீண். அப்புறம் இன்ஜினைச் சூடாக்கி, டிஸ்டிரிபியூட்டருக்கு (ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, டிஸ்டிரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்க. பழைய இடத்துக்கு சாக்பீஸில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ (சாவியை அணைத்து, மூடியைக் கழற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றினால் தெரியும்) அதே பக்கம் டிஸ்டிரிபியூட்டர் பாடியைத் திருப்பினால் டைமிங் பின்வாங்கும். டைமிங் லைட்டில் (தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) பார்த்து 2 டிகிரி போதும், ஒரேயடியாகத் திருப்பாதீங்க. போல்ட்டை முடுக்கி, குழாயை மாட்டி, அதே மேட்டில் ஓட்டிப் பாருங்க.

சத்தம் நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்க. இன்னும் பின்னுக்குத் தள்ளினால் இழுவை போய், கிருஷ்ணகிரி வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். அப்படியும் அடங்கவில்லையா, சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்திருக்கலாம், அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க.