ஆளுயர மஹோகனிக் கடிகாரம்: டயலில் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பெண்டுலம் ஆடும் பழைய இங்கிலாந்து லாங்கேஸ் (ஆளுயர மரப்பெட்டிக்குள் நிற்கும்) கடிகாரத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் டயலில் உள்ள பெயரைத்தான் படிக்கிறார்கள், படித்ததும் அவரே முழுக் கடிகாரத்தையும் தன் கையால் செய்தார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பெட்டி தச்சருடையது, மணியை வார்த்தவர் வேறொருவர், பல சமயம் டயலும் வெளியிலிருந்து வந்ததுதான். 1772-இல் பர்மிங்காமில் ஆஸ்போர்ன், வில்சன் என்ற இருவர் வெள்ளை வண்ணம் பூசிய இரும்பு டயல்களை விற்கத் தொடங்கினார்கள். அதன்பின் சிற்றூர்க் கடைக்காரர்கள் பலரும் அப்படி டயல் வாங்கித் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். டயலையும் இயந்திரத்தையும் இணைக்கும் இரும்புத் தகடு இருந்தால் அதையும் பாருங்கள், டயல் செய்தவரின் பெயர் சிலவற்றில் அதில் வார்க்கப்பட்டிருக்கும்.

பெயரும் மரமும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. மஹோகனி உட்பட, அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இருந்த வரியை பிரிட்டன் 1721-இல் நீக்கியது, மஹோகனிப் பெட்டிகள் பரவலானது அதற்கும் சில பத்தாண்டுகள் கழித்துத்தான். புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியன் 1713-இலேயே இறந்துவிட்டார். ஆகவே மஹோகனிப் பெட்டியில் அவர் பெயரைப் பார்த்தால், ஒன்று இயந்திரம் பின்னாளில் பெட்டி மாறியிருக்கும், இல்லையென்றால் பெயரே பொய். இயந்திரம் உட்காரும் பலகையைத் தடவிப் பாருங்கள். தேவையில்லாத பழைய திருகுத் துளைகளோ உயரம் கூட்ட வைத்த புதுக் கட்டைகளோ இருந்தால், வேறு வேறு கடிகாரங்களின் பாகங்கள் அங்கே சேர்ந்திருக்கலாம். அப்படிச் சேர்ந்ததும் நன்றாக ஓடும், ஆனால் அசல் விலையைக் கொடுக்காதீர்கள்.

சரி, வாங்கியாயிற்று. வீட்டுக்குக் கொண்டுவரும்போது கடிகாரத்தை ஓட்டும் எடைக் குண்டுகளையும் பெண்டுலத்தையும் கழற்றாமல் பெட்டியைச் சாய்க்கவே கூடாது. எட்டு நாள் ஓடும் வகையில் ஒவ்வொரு குண்டும் ஐந்தாறு கிலோ இருக்கும். கழற்றும்போதே இடது எது, வலது எது என்று குறித்து வையுங்கள், இரண்டின் எடையும் வேறாக இருக்கலாம்.

பெட்டியைச் சுவரோடு இறுக்காமல் சும்மா நிறுத்துபவர்கள் பிறகு குழம்புவார்கள். சாவி கொடுத்த சில நாள் நன்றாக ஓடும், ஒரு வாரம் ஆகப்போகும்போது நின்றுவிடும். குண்டுகள் இறங்கி இறங்கி பெண்டுலத்தின் அடியில் உள்ள வட்டத்துக்கு நேராக வரும்போது, பெட்டியின் அசைவில் அவையும் சேர்ந்து ஆடி பெண்டுலத்தின் விசையைத் தின்றுவிடுகின்றன. இது புரியாமல் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. முதுகுப் பலகையைச் சுவரில் திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், வெள்ளி நிற எண் வளையத்தைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளை மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சுதான் அது, ஒரே தேய்ப்பில் போய்விடும்.