பழைய ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டிவிடுவோம். ஆளைக் கவிழ்ப்பது தெரிந்த சொல்தான். பழைய ஆங்கில உரைநடையைத் தமிழாக்குவது என் பிழைப்பு. அதில் என் நேரத்தை அதிகம் தின்பவை 'நைஸ்', 'சில்லி', 'மீட்' மாதிரி பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். இவற்றைத் துருவிப் பார்க்க நான் கையாளும் வழியை எழுதுகிறேன். கல்லூரியில் மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

முதலில், உங்கள் சொல் எந்தக் காலத்துப் பிரதியில் வருகிறது என்று பாருங்கள். ஷேக்ஸ்பியரைப் 'பழைய ஆங்கிலம்' என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். அறிஞர்கள் அந்தப் பெயரைச் சுமார் 1100 வரை வழங்கிய மொழிக்குத்தான் தருவார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு கலந்து, ஏறக்குறைய 1500 வரை ஓடியது இடைக்கால ஆங்கிலம். ஷேக்ஸ்பியர் அதற்கும் பின்னால் வந்தவர். அவருடையது தொடக்க நவீன ஆங்கிலம். இந்தப் பிரிவு தெரிந்தால்தான் எந்த அகராதியை எடுப்பது என்று தெரியும். முதல் காலத்துக்குப் பாஸ்வொர்த்-டாலரின் ஆங்கிலோ-சாக்ஸன் அகராதி இருக்கிறது, இணையத்தில் இலவசம். 18ஆம் நூற்றாண்டுப் பிரதியென்றால் 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அன்றைய ஆள் அன்றைய சொல்லுக்குச் சொன்ன பொருள் அதில் கிடைக்கும்.

எல்லாக் காலத்துக்கும் பொதுவானது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. மேசையில் வைத்துக்கொள்ளும் சின்ன ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்லவில்லை. 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முடிந்த பெரிய அகராதி அது. 1989இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். இன்றைய இணையப் பதிப்புக்குச் சந்தா கேட்பார்கள். முதல் பதிப்பின் தொகுதிகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் காசில்லாமல் படிக்கலாம். நம் வேலைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

அதைப் படிக்கும் முறை வேறு. வழக்கமான கையகராதியில் முதல் பொருள்தான் அதிகம் புழங்கும் பொருள். இங்கே முதலில் நிற்பது மிகப் பழைய பொருள். ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டு போட்டு மேற்கோள்கள் வரிசையாக இருக்கும். உங்கள் பிரதியின் ஆண்டை வைத்துக்கொண்டு, அந்த ஆண்டைச் சுற்றி மேற்கோள் உள்ள பொருள்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். சொல்லின் முன்னால் குத்துவாள் மாதிரிக் குறி இருந்தால் அது வழக்கொழிந்தது. சொல்வரலாற்றுப் பகுதியில் ஒரு வடிவத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கண்டதல்ல, அறிஞர்கள் கணித்துச் சொன்னது. அப்புறம், முதல் மேற்கோளின் ஆண்டைச் சொல் பிறந்த ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். எழுத்தில் கிடைத்த முதல் சாட்சி அது, அவ்வளவுதான்.

'நைஸ்' எப்படி நடந்து வந்தது என்று பாருங்கள். 'அறியாதவன்' என்று பொருள்படும் நெஸ்கியுஸ் என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் பொருள் 'முட்டாள்தனமான'. பிறகு 'எதிலும் குறை காண்கிற, மிகையாகக் கறார் பார்க்கிற' என்று மாறி, அங்கிருந்து 'நுட்பமான' ஆனது. இன்றைய 'இனிமையான' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அந்த நூற்றாண்டு வழக்கறிஞர் ஒருவர் 'நைஸ் பாயின்ட்' என்றால் 'நுட்பமான கேள்வி' என்று தமிழாக்குங்கள். 'நல்ல பாயின்ட்' என்று எழுதினால் தொலைந்தது. 'சில்லி' நேர் எதிர்த் திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் அது பாக்கியம் பெற்றவரைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவான 'ஸேலிக்' இன்றும் அப்படித்தான். பாக்கியவான் கள்ளமற்றவன் ஆகி, பரிதாபத்துக்குரியவன் ஆகி, கடைசியில் அசடு ஆனான். பழைய கவிதையில் 'சில்லி' ஆடுகள் மேய்ந்தால் அவை அசட்டு ஆடுகள் அல்ல, ஒன்றும் அறியாத பாவப்பட்ட ஆடுகள்.

அகராதி கையில் இல்லாதபோது கூட்டுச்சொற்களைக் கவனியுங்கள். தனிச்சொல் மாறிப்போனாலும் கூட்டுக்குள் பழைய பொருள் உப்பில் போட்ட மாங்காய் போலக் கெடாமல் கிடக்கும். 'மீட்' ஒரு காலத்தில் எந்த உணவையும் குறித்தது. அதனால்தான் இனிப்புப் பண்டத்துக்கு 'ஸ்வீட்மீட்' என்று பெயர். 1611இல் அச்சான ஜேம்ஸ் அரசர் பைபிளில், ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே, செடிகொடிகளையும் கனிகளையும் மனிதருக்கு 'மீட்' ஆகக் கடவுள் தருகிறார். இறைச்சி என்று படித்தால் வசனமே கலைந்துவிடும். 'வைஃப்' வெறுமனே பெண் என்ற பொருளில் இருந்ததை 'மிட்வைஃப்' காட்டிக்கொடுக்கிறது. அதில் 'மிட்' என்றால் 'உடன்'. பிரசவத்தில் பெண்ணுடன் இருப்பவள்.

பொருள் கிடைத்துவிட்டது. இனி பூர்வீகம். இங்கேதான் நம் ஊரில் வம்பு. எங்கள் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு பட்டியல் வரும், ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று. அதில் 'எயிட்' எங்கள் 'எட்டு' என்று கட்டாயம் இருக்கும். சரி, சோதிப்போம். இரண்டு சொற்களையும் பின்னோக்கி நடத்திக் கொண்டுபோங்கள். 'எயிட்' பழைய ஆங்கிலத்தில் 'எயாஹ்ட'. இன்று எழுத்தில் மட்டும் ஊமையாக நிற்கும் 'ஜிஎச்' அன்று ஒலித்தது. ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டைப் பின்னோக்கி நடத்தினால் வருவது 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. போகப்போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவென்றால் பின்னால் போகப்போக நெருங்க வேண்டும். காதில் ஒலிக்கும் ஒற்றுமையை வைத்து நான் எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை.

'கேஷ்' இன்னும் சுவாரசியமான வழக்கு. 'காசு'தான் 'கேஷ்' ஆனது என்று நம்மவர்கள் அடித்துச் சொல்வார்கள். பாதி சரி. ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. வங்கியில் எண்ணித் தரும் 'கேஷ்' பெட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் பெட்டிக்குக் 'காப்ஸா', அது இத்தாலியனில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்'. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு உள்ளே இருந்த பணத்தைக் குறித்தது. மற்றொன்று கீழைநாட்டுச் சில்லறை நாணயத்தின் பெயர். அது நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. கம்பெனி காலத்து மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று வரும் (பணமும் வராகனும் அன்றைய நாணயங்கள்). அங்கே 'கேஷ்' என்றிருந்தால் செம்புக் காசு என்று எழுதுவேன், ரொக்கம் என்று எழுத மாட்டேன்.

இந்த மாதிரி இந்தியத் தொடர்புள்ள சொல்லுக்கு முதலில் எடுக்க வேண்டியது 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னலும் சேர்ந்து தொகுத்தது. பர்னல் 1882லேயே இறந்துவிட்டார், அச்சில் பார்க்கவில்லை. சுருட்டு 'செரூட்' ஆனதும் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும் மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதும் மேற்கோளோடு அதில் இருக்கின்றன. புத்தகத்தின் தலைப்பே மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்று எழுந்த குரலை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் வாங்கிய லட்சணம்தான். கிண்டலும் வம்பளப்பும் நிறைந்த புத்தகம். சொல்வரலாற்றில் பிற்கால ஆய்வுகள் அதைச் சில இடங்களில் திருத்தியிருப்பதால், ஆக்ஸ்ஃபோர்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கதை ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பகட்டானதைக் குறிக்கும் 'போஷ்' என்ற சொல், இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பணக்காரர்கள் வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் நிழலான அறை கேட்டதால், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து உண்டானதாம். அப்படி எழுத்துகள் அச்சிட்ட ஒரு டிக்கெட்டும் கிடைத்ததில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது இப்படி விளக்கம் கொடுத்தால் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள்.

மூலப் பிரதியை நேரே ஸ்கேனில் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1800 வரைக்குமான அச்சில் 'எஸ்' எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு, பார்க்க 'எஃப்' மாதிரியே இருக்கும். 'செயில்' என்பதைக் கூகுள் புக்ஸ் 'ஃபெயில்' என்று படித்து வைத்திருக்கும். தேடி அகப்படவில்லை என்றால் அந்த எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.

நோட்டில் நான் ஒரு சொல்லுக்கு எழுதுவது இவ்வளவுதான்: பிரதியின் ஆண்டு, அந்த ஆண்டில் பொருந்தும் பொருள், பழைய எழுத்து வடிவங்கள் காலவரிசையில், எந்த மொழி வழியாக வந்தது, எந்த அகராதியில் பார்த்தேன். அவசரத்துக்கு டக்ளஸ் ஹார்ப்பரின் இணையச் சொற்பிறப்பகராதி நல்ல கைவிளக்கு, பதிவுகளும் சுருக்கமாக இருக்கும். பூர்வீகக் கட்டம் சில சமயம் காலியாகவே இருக்கும், பரவாயில்லை. 'டாக்' என்ற சாதாரணச் சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுப்பெயர் 'ஹூண்ட்', இன்றைய 'ஹவுண்ட்'. 'டாக்' எங்கிருந்தோ வந்து அதை ஓரம்கட்டிவிட்டது. பெரிய அகராதிகளே 'தோற்றம் தெரியவில்லை' என்று போட்டிருக்கின்றன. நானும் என் நோட்டில் அதையே எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.