ஆர்எக்ஸ்-7 காரில் சிங்கிள் டர்போ மேனிஃபோல்டு மாட்டுவது எப்படி

மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி காரின் 13பி ரோட்டரி எஞ்சினில் கம்பெனி கொடுத்த இரட்டை டர்போவைக் கழற்றிவிட்டு ஒற்றை டர்போ போடுவதென்றால் முதல் சண்டை பழைய நட்டுகளோடுதான். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள், அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் (எஞ்சினில் பதிந்த, நட்டு ஏறும் மரைக்கம்பி) உடைந்து ஒரு நாள் வேலை ஒரு வாரமாகிவிடும்.

புது மேனிஃபோல்டை, அதாவது எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாயை, அப்படியே மாட்டாதீர்கள். எஞ்சினோடு பொருந்தும் தட்டையான விளிம்பான ஃப்ளாஞ்சின் மேல் ஒரு நேர்பட்டையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், வெல்டிங் சூட்டில் கொஞ்சம் வளைந்திருந்தாலும் புகை கசியும். உள்ளே வெல்டிங் துகள் இருந்தால் அது நேராக டர்போவில் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனுக்குத்தான் போகும், அதனால் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். இடுக்கை அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, அப்புறம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டர்போவின் பாரம் முழுக்க மேனிஃபோல்டில் தொங்கினால் வெல்டிங் விரிசல் விடும், எஞ்சினிலிருந்து ஒரு தாங்கி கட்டாயம்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் திரும்பும் குழாய் எங்கும் தொய்யாமல் கீழ்நோக்கியே இறங்கட்டும்.

ரோட்டரி தள்ளும் புகை அதிகம், மிஞ்சும் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வு சின்னதாக இருந்தால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) தானாக ஏறிக்கொண்டே போகும், எரிபொருள் போதாமல் எஞ்சின் தட்ட (நாக்கிங்) ஆரம்பித்தால் முக்கோண ரோட்டரின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் உடைந்துவிடும். ஆகவே எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியுவின் ட்யூனிங் முடியும் வரை காரை விரட்டவே கூடாது. சில தடவை சூடாகி ஆறியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.