‘பன்னிரண்டாம் இரவு’: மாறுவேடக் காட்சிகளை வாசிக்கும் முறை

ஷேக்ஸ்பியரின் இந்த இன்பியல் நாடகத்தைத் தொடங்குமுன், எலிசபெத் காலத்து இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டனின் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இதைக் கண்டவர்களுக்கு, வயோலா என்னும் பெண்ணாக நடித்த சிறுவன்தான் சிசாரியோ என்னும் இளைஞனாக மறுபடியும் வேடம் மாறினான். ஆகவே அவளுடைய வசனங்களை, எதிரே நிற்பவர் அவற்றை எப்படிப் புரிந்துகொள்வார், நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று இருமுறை படியுங்கள்.

இரண்டாம் அங்கத்தின் நான்காம் காட்சியில் நிதானமாக நில்லுங்கள். தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் ஒருவனை நேசித்தும் வாய் திறந்து சொல்லவேயில்லை என்று வயோலா கூறுகிறாள். அந்த ஒருவன் தானே என்பதை அறியாமல், சிசாரியோவாக அவள் பணிபுரியும் கோமகன் ஆர்சினோ கேட்டுக்கொண்டிருக்கிறான். பொய்யே சொல்லாமல் உண்மையை மறைக்கும் அந்த இடம் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சை உருக்குகிறது. மல்வோலியோ என்னும் வீட்டு நிர்வாகியின் கிளைக்கதையை முதல் வாசிப்பில் விரைந்து கடக்கலாம். கடைசிக் காட்சியிலோ, ‘வயோலா’ என்ற பெயர் மேடையில் அங்கேதான் முதன்முறையாக ஒலிக்கிறது என்பதையும், அவள் பெண்ணுடைக்குத் திரும்பாமலே நாடகம் முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.