கல்லாவில் உட்கார்ந்தபடியே மைண்ட்ஃபுல்னஸ்: சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பெயிண்ட் கடை எப்படி இருக்கும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் ஹார்ட்வேரும் பெயிண்டும் சேர்ந்த கடை என்னுடையது, என்னையும் சேர்த்து ஐந்து பேர். மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழியில், நான்கு வருஷமாக என்னிடம் இருந்த தம்பி கலர் கலக்கும் மெஷினில் ஷேட் நம்பரின் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டான். 20 லிட்டர் வாளி. கலர் விட்டுக் குலுக்கி முடித்த பெயிண்டை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள், அந்த நிறம் வேறொரு வீட்டுக்கும் பொருந்தாது. கடை நிறைய ஆள் நிற்கும்போது கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை, அவன் முகம் மட்டும் இருக்கிறது. மறுநாள் அவன் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

வாளிக்குப் போனது 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஊரில் எந்தப் பிளம்பர் எந்த மாதிரி எல்போ கேட்பார், எந்தப் பெயிண்டருக்கு எந்தப் பட்டி சரிப்படும் என்பதெல்லாம் அவன் தலையில்தான் இருந்தது. அதற்கு நான் இன்றுவரை கணக்குப் போடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மச்சான் சென்னையில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்விட்டு வந்தார். எனக்குப் பத்து நாள் கடையை விட்டுப் போக வழியில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா பர்மாவில் பெரிய வியாபாரி, தீராத ஒற்றைத் தலைவலிக்காரர். 1955-இல் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஊ பா கின் துறவி கிடையாது, பர்மா அரசின் அக்கவுண்டன்ட் ஜெனரல். தன் அலுவலகத்து ஆட்களுக்கும் தியானம் கற்றுக்கொடுத்தவர். அதாவது கணக்குப் பார்க்கிற ஒருவர், வியாபாரம் பார்க்கிற ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்புறம் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதே போன்ற பயிற்சிகளை மதச் சாயல் இல்லாமல், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு வகுப்பாகக் கொடுக்க ஆரம்பித்தார். இன்று கம்பெனிகளில் மைண்ட்ஃபுல்னஸ் என்று பேசப்படுவது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பலர் முட்டிக்கொள்கிறார்கள். எனக்கு என் அம்மா சொல்லும் சொல் போதும். பாலைக் கைதவறிக் கொட்டினால் "நெனப்பு எங்கடா இருக்கு?" என்பார். பாலி மொழியில் இதற்குச் 'சதி' என்று பெயர், அதன் வேர்ப்பொருளும் நினைவு என்பதுதான். நினைப்பு இங்கே இருக்கிறதா, வேறெங்கோ இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

படி 1: ஷட்டரைத் தூக்கும் முன் பத்து நிமிஷம்

கடைக்குள் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்காருங்கள். வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் அமைதியாக இருந்துவிட்டுக் கடைக்கு வந்ததும் பழைய ஆளாகிவிடுகிறோம், கடையின் வாசனையிலேயே பழகினால்தான் கடையில் கைகொடுக்கும். மூச்சு மூக்கில் படுவதைக் கவனிப்பதுதான் வேலை. அது எப்படி என்று நீட்ட மாட்டேன், அது ஆயிரம் இடத்தில் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். மனதை வெறுமையாக்க வேண்டும் என்று நினைத்து முதல் இரண்டு வாரத்தை வீணடித்தேன். உட்கார்ந்த உடனே இன்றைய செக் பாஸாகுமா, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி கணக்குப் போட வேண்டுமே என்று மனம் ஓடும். ஓடட்டும். ஓடியது தெரிந்த அந்த நொடியில் மூச்சுக்குத் திரும்பி வருகிறோமே, அதுதான் பயிற்சி. சின்னாளபட்டியில் தறி பார்த்தவர்களுக்குத் தெரியும், இழை அறுந்தால் நெசவாளர் இழையைத் திட்டுவதில்லை, முடிச்சைப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார்.

நேரம் பார்க்க ஆப் வேண்டவே வேண்டாம். ஹெட்ஸ்பேஸ், இன்சைட் டைமர் இரண்டையும் போட்டுப் பார்த்தேன், நல்ல ஆப்கள்தான். ஆனால் மணி அடித்ததும் போனைக் கையில் எடுப்போம், எடுத்தால் வாட்ஸ்அப்பில் சப்ளையர் அனுப்பிய விலைப்பட்டியல் நிற்கும், பத்து நிமிஷம் பிடித்துவைத்தது பத்து நொடியில் போய்விடும். சமையலறையில் வைக்கிற திருகு டைமர் ஒன்று வாங்குங்கள்.

எப்போது ஆரம்பிக்கலாம் என்றால், உங்கள் தொழிலில் மந்தமான மாதத்தில். எனக்கு அது ஆடி. சீசனில் ஆரம்பித்தால் நான்காவது நாள் நின்றுவிடும்.

படி 2: கடைக்குள் ஒரு கொக்கி

காலைப் பத்து நிமிஷம் பதினோரு மணிவரைகூடத் தாங்காது. அதனால் நாள் முழுக்கத் தானாக வருகிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது கல்லாப் பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ். இத்தனை ரூபாய் வந்தது என்று அது சொல்லும்போதெல்லாம் என் பாதம் தரையில் அழுந்துவதை ஒரு மூச்சு நேரம் கவனிப்பேன். வேறு எதுவும் இல்லை. இதை யாரும் பார்க்கக்கூட முடியாது.

படி 3: கோபம் வரும் இடம் (நான் இடறி விழுந்தது இங்கேதான்)

கோபம் வாய்க்கு வருமுன் உடம்புக்கு வந்துவிடுகிறது. எனக்குக் காது சூடாகும், தாடை இறுகும். உங்களுக்கு எங்கே என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். அது தெரிந்த பிறகு, அந்த அடையாளம் தட்டும்போது மூன்று மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு கொஞ்சம் குறைகிறது, அதனால்தான் நீளமாக விடச் சொல்கிறார்கள்.

படிக்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பையன் முக்கால் இஞ்ச் கேட்டவருக்கு ஒரு இஞ்ச் சிபிவிசி பைப்பை வெட்டிக் கொடுத்துவிட்டான். காது சூடானது. சரி, மூன்று மூச்சு என்று அவனைப் பார்த்தபடியே பேசாமல் நின்றேன். எனக்குள் நன்றாகவே தணிந்தது. ஆனால் அவனுக்குக் கை நடுங்கியது. அன்று மாலை கடையில் மூத்தவர் தனியாக வந்து, "அண்ணே, நீங்க கத்துனாகூடப் பரவாயில்ல, இப்படி மொறைச்சுப் பாக்காதீங்க, பசங்க பயப்படுறாங்க" என்றார்.

எவ்வளவு நாளாக அப்படி நடந்தது என்று யோசித்தால் குறைந்தது ஒரு மாதம் இருக்கும். நான் அமைதியாகிக்கொண்டிருந்தேன், எதிரில் நின்றவர்களுக்கு அது புயலுக்கு முந்தைய நேரமாகத் தெரிந்தது. கத்திப் பழகிய முதலாளியின் மௌனம் அவருடைய கத்தலைவிடப் பயமுறுத்தும், இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் இப்போது மூச்சுக்கு முன்னால் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்கிறேன்: "ஒரு நிமிஷம் தம்பி, யோசிச்சுச் சொல்றேன்." பார்வையை அவன் முகத்திலிருந்து எடுத்து அந்தப் பொருள் மேல், அன்றைக்கு என்றால் பைப் மேல், வைத்துக்கொள்வேன். அப்புறம் மூச்சு. அப்புறம் முதல் கேள்வி "ஏன் இப்படிப் பண்ணின?" என்று இருக்கக் கூடாது, "என்ன நடந்துச்சு?" என்று இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சாக்குதான் வரும், என்ன என்று கேட்டால் விஷயம் வரும். அந்தப் பைப் விஷயத்தில், இரண்டு அளவும் ஒரே ரேக்கில் கலந்து கிடந்தது என்று வந்தது. ரேக்கை அடுக்கச் சொல்ல வேண்டியவன் நான்.

படி 4: ஆட்களோடு ஐந்து நிமிஷம்

உங்கள் ஆட்களைத் தியானத்துக்கு உட்கார வைக்காதீர்கள். சம்பளம் கொடுக்கிறவர் கூப்பிட்டால் அவர்களால் மறுக்க முடியாது, அப்படி உட்கார்வதில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. நான் செய்வது காலையில் டீ வந்ததும் எல்லோரும் நின்றபடி, "நேத்து எங்க தப்பு நடந்துச்சு?" என்று ஒரு சுற்று. முதலில் என்னுடையதைச் சொல்வேன். முதல் மூன்று வாரம் நான் மட்டும்தான் சொன்னேன், விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. நான்காவது வாரம் ஒருவன், ஒரு பில்லில் வால்வு ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன் என்றான். காது சூடானது, பாதத்தைக் கவனித்தேன், "சரி, சொன்னியே, அது போதும்" என்றேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்கள். தப்பு நடந்த அன்றே தெரிந்தால் போன் போட்டுச் சரிசெய்துவிடலாம், ஸ்டாக் எடுக்கும்போது தெரிந்தால் நஷ்டம்.

படி 5: விற்பனை

இரண்டு இடம். முதலாவது, கேட்பது. கஸ்டமர் வாய் திறந்ததும் என் கை ரேக்குக்குப் போய்விடும் பழக்கம் இருந்தது. இப்போது அவர் முடிக்கும்வரை கை மேஜையில் இருக்கும். ஒரு அம்மா வந்து, பெட்ரூம் சுவரில் பெயிண்ட் உரிகிறது, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் 10 லிட்டர் கொடுங்கள் என்றார். பழைய நான் என்றால் அடுத்த நிமிஷம் பில் போட்டிருப்பேன். அவர் பேச்சை முடிக்காமல் இருந்ததால் காத்திருந்தேன். போன வருஷமும் அடித்தோம், ஆறு மாசத்தில் வந்துவிட்டது, கீழே வெள்ளையாகப் பூக்கிறது என்றார். உப்புப் பூக்கிறது என்றால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது, மேலே எதை அடித்தாலும் உரியும். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாத்ரூம். பெயிண்டை விற்காமல், முதலில் பிளம்பரை வைத்து லைனைப் பாருங்கள், டைல்ஸ் இடுக்கை அடையுங்கள், சுவர் நன்றாகக் காய்ந்தபின் வாருங்கள் என்று அனுப்பினேன். அன்றைக்கு டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட் மட்டும்தான் பில். இரண்டு மாதம் கழித்து வீடு முழுக்கப் பெயிண்ட் என்னிடம் எடுத்தார், தங்கையையும் கூட்டிவந்தார்.

இரண்டாவது, விலை சொன்ன பிறகு வருகிற அந்த இடைவெளி. மொத்தத்தைச் சொல்வோம், எதிரில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் பில்லைப் பார்ப்பார். வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அதைத் தாங்க முடியாமல் "ஒரு 300 கம்மி பண்ணிக்கலாம் சார்" என்று நாமே சொல்லிவிடுவோம். அவர் கேட்கவே இல்லை, வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பிய லிஸ்டோடு சரிபார்த்துக்கொண்டிருந்தார். 10,000 ரூபாய் பில்லில் நமக்கு நிற்பது 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 300, பில்லில் 3 சதவீதம்தான், நம் லாபத்தில் 30 சதவீதம். இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விலையைச் சொல்லுங்கள், கலக்கம் வருவதை வயிற்றில் கவனியுங்கள், ஒரு மூச்சு முழுதாக விடுங்கள். அவர் கேட்டால் குறையுங்கள், தாராளமாகக் குறையுங்கள், அது வியாபாரம். கேட்காததைக் கொடுப்பது பயம். எனக்கு இந்த ஒரு படி மட்டுமே மற்ற எல்லாவற்றுக்கும் செலவிட்ட நேரத்தைத் திருப்பித் தந்துவிட்டது.

படி 6: ஒரு நோட்டு

40 பக்க நோட்டு போதும். ராத்திரி கல்லாவை எண்ணும்போது மூன்றே கோடு: இன்று வாய் முந்தியது எத்தனை முறை, கேட்காமல் குறைத்தது எத்தனை முறை, ஆட்கள் தாங்களாக வந்து சொன்ன தப்பு எத்தனை. முதல் இரண்டு குறைய வேண்டும், மூன்றாவது ஏற வேண்டும். மூன்றாவது பூஜ்யமாகவே இருந்தால் கடையில் தப்பு நடக்கவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள், உங்களிடம் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பின்சேர்க்கை 1: பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, காலையில் உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தார். அவர் மூன்று மணிக்கே மாவு பிசைய எழுகிறார், தூக்கம் வராமல் என்ன செய்யும். உட்கார வேண்டாம் சார், மாவு பிசையும்போதே கை மாவில் அழுந்துவதைக் கவனியுங்கள். பத்து நிமிஷம், ரேடியோவை நிறுத்திவிட்டு.

பின்சேர்க்கை 2: வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒரு சகோதரி, பேசாமல் இருந்தால் கஸ்டமர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறார் என்கிறார். நேரில் வேலை செய்கிற மௌனம் போனில் செய்யாது, லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். போனில் விலை சொன்னதும் "லைன்ல இருக்கேன்மா, பார்த்துச் சொல்லுங்க" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் விலையை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு ஊக்கு தைத்து முடியுங்கள், இரண்டாவது மெசேஜ் அனுப்பாதீர்கள்.

பின்சேர்க்கை 3: இது முக்கியம், முன்பே எழுதியிருக்க வேண்டும். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நெஞ்சு படபடப்பு கூடுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். சிலருக்கு அப்படி ஆகும், குறிப்பாக ஏற்கெனவே பதற்றமோ பெரிய துக்கமோ இருப்பவர்களுக்கு. வற்புறுத்தித் தொடராதீர்கள். கண்ணைத் திறந்து, மூச்சை விட்டுவிட்டு, பாதத்தையோ தெருச் சத்தத்தையோ கவனியுங்கள், இரண்டு நிமிஷம் போதும். அப்படியும் படபடத்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்த இருவரில் ஒருவர் இப்போது எதிர்க்கடை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்கிறாராம், அது சரிப்படுகிறது என்று எழுதினார்.